அச்சும் வெட்டும் ஒரே இயந்திரத்திலா, இரண்டிலா?

கேள்வி: நானும் என் தம்பியும் ஐந்து ஆண்டுகளாக ஸ்டிக்கர் வேலை செய்துவருகிறோம். எங்களிடம் இருப்பது 24 அங்குல கட்டிங் பிளாட்டர் (கணினியில் வரைந்த கோட்டின்படி பிளேடால் வெட்டும் கட்டர்) ஒன்றுதான். கலர் வினைலில் எழுத்து வெட்டும் வேலையை நாங்களே செய்கிறோம். படம் அச்சிட வேண்டிய வேலையை வெளியே கொடுத்து, லேமினேஷனும் அங்கேயே போட்டு வாங்கி, ஓரத்தை மட்டும் எங்கள் பிளாட்டரில் வெட்டுகிறோம். வெட்டுக் கோடு படத்தை விட்டு விலகிவிடுவதால் பத்துத் தாளில் குறைந்தது இரண்டு வீணாகின்றன. இப்போது சொந்தமாக பிரிண்டர் வாங்கப்போகிறோம். அச்சும் வெட்டும் ஒன்றாக நடக்கும் இயந்திரத்தை வாங்கினால் விலகல் என்ற பேச்சே இருக்காது என்று விற்பனையாளர் சொல்கிறார். தம்பி, தனி பிரிண்டர் போதும் என்கிறான். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் பாட்டில் லேபிள்களும் வண்டிகளில் ஒட்டும் படங்களும்தான். நாங்கள் எதை வாங்குவது?

பதில்: விற்பனையாளர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது லேமினேஷன் இல்லாத வேலைக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும். உங்கள் வேலையில் பாதிக்கு மேல் லேமினேஷன் கேட்பது என்று நீங்களே எழுதியிருப்பதால், நான் உங்கள் தம்பியின் பக்கம் நிற்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன் என்றாலும், அதற்கான காரணங்களைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஏனென்றால் உங்கள் கணக்கில் பாட்டில் லேபிளும் வண்டிப் படமும் குறைந்து, சட்டையில் அழுத்தும் படங்களும் சில வாரங்களுக்கு மட்டும் ஒட்டிக் கழற்றும் ஸ்டிக்கர்களும் கூடினால், என் பதிலும் அப்படியே மாறிவிடும்.

இணைந்த இயந்திரத்தில் வெட்டு ஏன் விலகுவதில்லை என்பதை முதலில் பார்ப்போம். ரோலிலிருந்து வரும் வினைலைக் கீழே சொரசொரப்பான உருளைகளும் மேலே ரப்பர் சக்கரங்களும் பிடித்துக்கொள்கின்றன. பிரிண்ட் ஹெட் படத்தை அச்சிட்டு முடித்ததும் இயந்திரம் நாம் குறித்த நேரம் வரை உலரவிட்டு, வினைலைத் தொடங்கிய இடத்துக்கே பின்னோக்கி இழுத்து, பிளேடைத் தாங்கி நகரும் பகுதியை (அதை வண்டி என்போம்) கொண்டு ஓரங்களை வெட்டுகிறது. இந்த நேரம் முழுவதும் வினைல் அந்தச் சக்கரங்களின் பிடியை விட்டு வெளியே வருவதே இல்லை. எனவே, படம் எங்கே தொடங்கியது என்பது இயந்திரத்துக்கு ஏற்கெனவே தெரியும்; தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. ரோலண்ட் நிறுவனத்தின் ட்ரூவிஸ் வரிசையில் பல இயந்திரங்களும் மிமாகி நிறுவனத்தின் சிஜேவி வரிசையும் இந்த முறையில் இயங்குபவைதான். இது உண்மையிலேயே அழகான ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் உங்கள் பாட்டில் லேபிள் எந்த வழியாகப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். அச்சிட்ட வினைல்மீது லேமினேஷன் படலத்தை ஒட்டிய பிறகுதான் அதை வெட்ட முடியும். வெட்டிய பின் லேமினேஷன் போட்டால், வெட்டிய கோட்டை அந்தப் படலம் மூடிவிடும். மறுபடியும் வெட்ட வேண்டியிருக்கும். ஆகவே அச்சு முடிந்த ரோலை இயந்திரத்திலிருந்து கழற்றி, லேமினேட்டரில் ஓட்டி, மறுபடியும் கொண்டுவந்து மாட்டியாக வேண்டும். கழற்றிய அந்தக் கணத்திலேயே இணைந்த இயந்திரம் தன்னிடமிருந்த ஒரே பெரிய அனுகூலத்தை இழந்துவிடுகிறது. திரும்ப மாட்டிய ரோலில் படம் எங்கே இருக்கிறது என்பது அதற்கும் தெரியாது. நான்கு மூலைகளிலும் அச்சிட்ட க்ராப் மார்க்குகளை (படம் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிகளை) சென்சாரால் தேடிப் படித்துத்தான் அது வெட்ட வேண்டும். உங்கள் பிளாட்டரில் இன்று நீங்கள் படும் அதே பாட்டை, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஓர் இயந்திரத்தில் படப்போகிறீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் உறுத்தியது இதுதான். பிரிண்டரைப் பற்றியும் கட்டரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். லேமினேட்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இதுவரை அந்த வேலையை அச்சிட்டுக் கொடுப்பவரே செய்து தந்ததால் அது உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். அச்சை உங்கள் கூடத்துக்கு மாற்றிக்கொண்ட மறுநாளே அந்த மூன்றாவது இயந்திரம் தேவைப்படும். கையிலிருக்கும் பணம் முழுவதையும் இணைந்த இயந்திரத்தில் போட்டுவிட்டு, அச்சிட்ட ரோலை லேமினேஷனுக்காக மறுபடியும் வெளியே தூக்கிக்கொண்டு போகும் நிலை உங்களுக்கு வரக் கூடாது.

அடுத்து, மை உலரும் விஷயம். நீங்கள் பார்க்கும் இயந்திரம் எக்கோ சால்வெண்ட் எனும் கரைப்பான் கலந்த மையில் ஓடுவது என்றால், அச்சு தொட்டுப் பார்க்கும்போது உலர்ந்ததுபோல் இருந்தாலும், கரைப்பான் வினைலுக்குள் இன்னும் தங்கியிருக்கும். அது ஆவியாகி வெளியேறுவதற்குக் குறைந்தது 24 மணி நேரமாவது விட வேண்டும். அடர்த்தியான நிறங்கள் நிறைந்த படங்களுக்கு 48 மணி நேரம் விடுவதே என் வழக்கம். அந்த நேரத்தில் ரோலை இறுக்கிச் சுற்றி வைத்தால் கரைப்பான் வெளியேற வழியிருக்காது. தளர்த்திச் சுற்றி நிமிர்த்தி வைக்க வேண்டும். இப்படி உலரவிடாமல் உடனே லேமினேஷன் போட்டால், உள்ளே அடைபட்ட கரைப்பான் பசையை இளக்கிவிடும். ஒட்டிய சில நாட்களில் ஓரங்கள் சுருண்டு எழும். லேமினேஷன் இல்லாத ஸ்டிக்கரையும் அச்சிட்ட கையோடு வெட்டினால், மென்மையாக இருக்கும் வினைலின் விளிம்பு சற்றே தூக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. இணைந்த இயந்திரத்தில் உலரும் நேரத்தைச் சில நிமிடங்கள் கூட்டி வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் முழுவதும் அதைச் சும்மா நிறுத்தி வைக்க யாராலும் முடியாது. லேடெக்ஸ் மையும் யூவி மையும் இயந்திரத்தை விட்டு வரும்போதே உலர்ந்து வருவதால், இந்தக் காத்திருப்பு அவற்றுக்கு இல்லை. ஆனால் லேமினேஷனுக்காகக் கழற்றி மாட்டும் வேலை அவற்றுக்கும் இருக்கத்தான் செய்கிறது. எச்பி நிறுவனம் லேடெக்ஸ் வரிசையில் அச்சையும் வெட்டையும் சேர்த்து விற்கும்போதுகூட, பிரிண்டரையும் கட்டரையும் இரண்டு தனி இயந்திரங்களாகவே தருகிறது என்பதைக் கவனியுங்கள். ஒன்று அச்சிட்டுக்கொண்டிருக்கும்போதே மற்றொன்று வெட்ட முடிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அந்த நோக்கம் எவ்வளவு முக்கியமானது என்பது ஒரு கணக்கைப் போட்டால்தான் புரியும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட லேபிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு லேபிள்களுக்கிடையே 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், ஒரு சதுர மீட்டரில் சுமார் 330 லேபிள்கள் அடங்கும்; 20 சதுர மீட்டருக்குச் சுமார் 6,600. உங்கள் பிரிண்டர் மணிக்கு 10 சதுர மீட்டர் அச்சிடுகிறது என்று வைத்துக்கொண்டால், அச்சு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வெட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? விற்பனைத் தாளில் போட்டிருக்கும் வேகத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது நீண்ட நேர்க்கோட்டில் பிளேடு எட்டக்கூடிய உச்ச வேகம். சிறிய வட்டத்தில் பிளேடு இறங்கி, வேகமெடுத்து, வளைந்து, வேகம் குறைந்து, மேலெழுந்து, அடுத்த வட்டத்துக்கு நகர வேண்டும். ஒரு லேபிளுக்கு இரண்டு விநாடி என்று கொண்டாலும் 6,600 லேபிள்களுக்கு 13,200 விநாடி, அதாவது மூன்று மணி நாற்பது நிமிடம் ஆகிறது. அச்சிடுவதைவிட வெட்டுவதற்கே ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம்.

இணைந்த இயந்திரத்தில் அந்த மூன்று மணி நாற்பது நிமிடமும் பிரிண்ட் ஹெட் மூடிமேல் அமர்ந்து காத்திருக்கும். விலையில் பெரும்பகுதி எதற்காகக் கொடுத்தீர்களோ அந்தப் பகுதி வேலை செய்யாமல் இருக்க, மலிவான பகுதி ஓடிக்கொண்டிருக்கும். தனித்தனியாக இருந்தால் நேற்று அச்சிட்டு உலர்ந்த ரோல் இன்று காலை லேமினேட்டரில் ஓடி, பிற்பகல் கட்டரில் வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கும்போது, பிரிண்டரில் நாளைக்கான ரோல் அச்சாகிக்கொண்டிருக்கும். நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். இரண்டு இயந்திரங்களை ஒரே நேரத்தில் ஓட்டக் கை இருக்கிறது. அது தனியாள் நடத்தும் கூடத்துக்கு இல்லாத வசதி.

இதனுடன் நீங்கள் இப்போது செய்துவரும் கலர் வினைல் எழுத்து வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பிளாட்டரைக் கொடுத்துவிட்டு, எழுத்தையும் புதிய இணைந்த இயந்திரத்திலேயே வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதற்காக அச்சு ரோலைக் கழற்றி, கலர் ரோலை மாட்டி, வெட்டி, மறுபடியும் அச்சு ரோலை மாட்டி நேராக்க வேண்டும். நான்கு எழுத்துக்காக ஒரு பெரிய இயந்திரம் அரை மணி நேரம் நிற்கும். மேலும், வெட்டும்போது உதிரும் வினைல் துணுக்குகளும் பசைத் துகள்களும் பிரிண்ட் ஹெட் இருக்கும் கூட்டுக்குள் கூடிய மட்டும் சேராமல் இருப்பதே நல்லது. எது வாங்கினாலும் பழைய பிளாட்டரை விற்றுவிடாதீர்கள்.

இனி உங்களை இணைந்த இயந்திரத்தின் பக்கம் தள்ளிய அந்த விலகலுக்கு வருகிறேன். இதுதான் உங்கள் கடிதத்தின் மையம் என்று நினைக்கிறேன். இதற்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. வெளியே அச்சிட்டு வாங்கும் தாளில் வெட்டு விலகுவதற்கு நான் பார்த்தவரை மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

க்ராப் மார்க் எந்த மென்பொருளில் போடப்பட்டது என்பது அவற்றில் முதலாவது. ஒவ்வொரு கட்டரும் தனக்குரிய வடிவத்திலும் அளவிலும் உள்ள குறியைத்தான் தேடும். கிராஃப்டெக் கட்டர்களின் ஆர்ம்ஸ் முறைக்கு ஒரு வகைக் குறி, சம்மா கட்டர்களின் ஓபோஸ் முறைக்கு வேறு வகைக் குறி. நீங்கள் உங்கள் கட்டரின் மென்பொருளில் குறி போட்டு அனுப்பிய கோப்பை, அச்சிடுபவர் தாள் அகலத்துக்குப் பொருந்துவதற்காகச் சிறிதளவு சுருக்கியோ, இரண்டு கோப்புகளை அடுக்கி வைத்தோ அச்சிட்டிருந்தால், குறிகளுக்கிடையே உள்ள தூரம் உங்கள் கணினியில் இருக்கும் தூரத்தோடு ஒத்துப்போகாது. திரும்பி வந்த தாளில் இரண்டு குறிகளுக்கிடையே உள்ள நீளத்தை இரும்பு அளவுகோலால் அளந்து, கோப்பில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரங்களில் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இரண்டாவது காரணம் வினைலே தன் அளவை மாற்றிக்கொள்வது. அச்சிடும்போது பிரிண்டரின் தட்டு சூடாக இருக்கிறது. அந்தச் சூட்டில் வினைல் இளகுகிறது. ஆறும்போது சற்றுச் சுருங்குகிறது. பிறகு லேமினேட்டரின் உருளைகள் அதை இழுத்து நீட்டுகின்றன. ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால்கூட மூன்று மீட்டர் நீளத் தாளின் கடைசியில் 3 மில்லிமீட்டர் விலகல் வந்துவிடும். முதல் வரிசை லேபிள்கள் துல்லியமாக இருந்து, கடைசி வரிசை மட்டும் விலகியிருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். நான்கு குறிகளையும் படிக்கும் கட்டர், தாள் எவ்வளவு நீண்டது, எவ்வளவு சாய்ந்தது என்பதைக் கணக்கிட்டுத் தன் வெட்டுக் கோட்டை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும். ஒரு மூலையை மட்டும் கண்ணால் பார்த்து, சிவப்பு ஒளிப் புள்ளியை அதன்மேல் வைத்து வெட்டத் தொடங்கும் எளிய பிளாட்டருக்கு அந்தத் திருத்தம் தெரியாது. நீண்ட வேலையை ஒரே துண்டாக அனுப்பாமல், மீட்டருக்கு ஒரு தொகுதி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நான்கு குறிகள் வைத்தால், பிழை சேர்ந்து பெருகாமல் அந்தந்தத் தொகுதிக்குள்ளேயே நின்றுவிடும். படத்தின் நிறத்தை வெட்டுக் கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீட்டர் நீட்டி வைக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டாம். அரை மில்லிமீட்டர் விலகினாலும் வெள்ளை விளிம்பு தெரியாமல் அது காப்பாற்றும்.

மூன்றாவது காரணம் சின்னது, ஆனால் பலரைத் திண்டாட வைப்பது. பளபளப்பான லேமினேஷன் போட்ட தாளில் சென்சாரின் ஒளி பட்டுச் சிதறுவதால் கருப்புக் குறியும் வெள்ளைத் தாளும் அதற்கு ஒன்றுபோல் தெரியலாம். குறியின்மேல் மட்டும் பளபளப்பில்லாத ஒளிபுகும் டேப்பை ஒரு துண்டு ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் உடனே படித்துவிடும். ஒளி ஊடுருவும் வினைல் என்றால், குறிக்கு அடியில் வெள்ளைத் தாள் ஒன்றை வைக்க வேண்டும். ஒளியைத் திருப்பியடிக்கும் ரிஃப்ளெக்டிவ் வகைகளிலும் இதே தொல்லை உண்டு. இவை எல்லாம் இணைந்த இயந்திரத்துக்கும் அப்படியே பொருந்தும் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன், ஏனென்றால் லேமினேஷனுக்குப் பின் அதுவும் சென்சாரை நம்பித்தான் வெட்டுகிறது.

என் அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நான் முதன்முதலில் வாங்கியது இணைந்த இயந்திரம்தான். அது நன்றாகவே உழைத்தது. அந்த இயந்திரத்தில் அச்சு வண்டியும் வெட்டு வண்டியும் ஒரே தண்டவாளத்தில் ஓடுபவை. எந்த வேலை நடக்கிறதோ அந்த வண்டியை ஒரு கொக்கி இணைத்து இழுக்கும். ஒருநாள் காலையில் அந்தக் கொக்கிப் பகுதியில் ஏற்பட்ட சிறு பழுதால் இயந்திரம் பிழை காட்டி நின்றது. எனக்கு அன்று வெட்டும் வேலை எதுவும் இல்லை, அச்சு மட்டுமே தேவைப்பட்டது. இருந்தும் இயந்திரம் அடுத்த படிக்கு நகரவில்லை. உதிரிப்பாகம் வந்து சேரும் வரை பதினொரு நாட்கள் அச்சும் இல்லை, வெட்டும் இல்லை. வாக்குக் கொடுத்த வேலைகளைப் பிறரிடம் கொடுத்துச் செய்து முடித்தேன். அந்த நாட்களின் கவலையை இன்றும் மறக்க முடியவில்லை. தனித்தனி இயந்திரங்களாக இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றொன்றை வைத்துப் பாதி வேலையையாவது ஓட்டலாம். பிரிண்டர் நின்றால், நீங்கள் இன்று செய்வதைப்போல அச்சை வெளியே வாங்கி, வெட்டை உள்ளே செய்யலாம்.

ஆயுள் கணக்கும் இதோடு சேர்ந்ததே. கட்டர் நெடுநாள் உழைக்கும் இயந்திரம். பிளேடையும், பிளேடு ஓடும் தடத்தில் ஒட்டியிருக்கும் டெஃப்லான் பட்டையையும், தேய்ந்த ரப்பர் சக்கரங்களையும் அவ்வப்போது மாற்றினால் அது பிரிண்டரைவிட நீண்ட காலம் ஓடும். பிரிண்டரின் ஹெட்டும் பம்பும் மைக்குழாய்களும் அப்படி அல்ல. அவை விரைவில் தேய்பவை. மை வகைகளும் விரைவாக மாறிவருகின்றன. நீண்ட ஆயுள் உள்ள ஒன்றைக் குறுகிய ஆயுள் உள்ள ஒன்றோடு ஒரே கூட்டில் பூட்டி வாங்கினால், பிரிண்டரை மாற்ற நினைக்கும் நாளில் நன்றாக இருக்கும் கட்டரையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் இணைந்த இயந்திரம் யாருக்கு? லேமினேஷன் தேவைப்படாத வேலைகளை முதன்மையாகச் செய்பவருக்கு அது மிகப் பொருத்தம். சட்டைகளில் அழுத்தி ஒட்டும், அச்சிடக்கூடிய வெப்ப வினைலைப் பாருங்கள்: அச்சிட்டு, வெட்டி, தேவையற்றதை உரித்து, மாற்றுப் படலத்தில் எடுத்து, அழுத்தியில் வைக்க வேண்டும், நடுவில் லேமினேஷன் என்ற கட்டமே கிடையாது. விழாக்களுக்காகவும் கடைக் கண்ணாடிகளுக்காகவும் சில வாரங்களுக்கு ஒட்டும் ஸ்டிக்கர்களும் அப்படித்தான். தனியாளாக, சிறிய அறையில், ஒரு வேலைக்கு இருபது முப்பது என்று பலவகையாகச் செய்பவர் மாலையில் கோப்பை அனுப்பிவிட்டுப் போய், காலையில் வெட்டி முடித்த தாளை எடுத்துக்கொள்ளலாம். ரோலண்டின் 20 அங்குல பிஎன்-20 போன்ற மேசை இயந்திரங்கள் இத்தகையவர்களிடம் நன்றாகப் பயன்படுவதைப் பார்த்திருக்கிறேன். கட்டர் என்று எதுவுமே கையில் இல்லாமல் புதிதாகத் தொடங்குபவருக்கும் கற்க வேண்டியது குறைவு என்பது ஒரு நன்மைதான். இந்த வேலைகள் உங்கள் கணக்கில் பாதியைத் தாண்டும் நாள் வந்தால், அப்போது தனியாக ஒரு சிறிய இணைந்த இயந்திரத்தைச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் 54 அங்குல தனி பிரிண்டர், அதோடு அதே அகலத்துக்கு ஒரு லேமினேட்டர், பிறகு ஓராண்டு வேலையைப் பார்த்துவிட்டு அகலமான கட்டர். அதுவரை வெட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். உங்கள் 24 அங்குல பிளாட்டரில் குறிகளைத் தானாகப் படிக்கும் சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தில் அதை நீங்கள் குறிப்பிடவில்லை. இருந்தால், அகலமான கட்டரை உடனே வாங்க வேண்டிய அவசியமே இல்லை. 1370 மில்லிமீட்டர் ரோலில் 600 மில்லிமீட்டருக்கு மிகாத இரண்டு பத்திகளாக வேலையை அடுக்கி, ஒவ்வொரு பத்தியிலும் மீட்டருக்கு ஒரு தொகுதியாக நான்கு குறிகள் வைத்து அச்சிடுங்கள். லேமினேஷன் முடிந்ததும் நடுவில் நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு பத்தியையும் பிளாட்டரில் செலுத்துங்கள். பாட்டில் லேபிளுக்கு இது தாராளமாகப் போதும். வண்டியின் பக்கவாட்டில் ஒட்டும் பெரிய படங்கள் பெரும்பாலும் நேர் விளிம்பு கொண்டவை. அவற்றைக் கைக்கத்தியாலேயே சீர்செய்துகொள்ளலாம். சென்சார் இல்லையென்றால், வரிசையைச் சற்றே மாற்றி, பிரிண்டரோடு சேர்த்து நான்கு குறிகளையும் படிக்கும் கட்டரை வாங்கிவிடுங்கள். அது பிரிண்டரின் அகலத்துக்கு ஈடானதாக இருந்தால், பிளக்கும் வேலையும் மிச்சம்.

லேமினேட்டருக்காக நிறையச் செலவழிக்க வேண்டியதில்லை. அழுத்தத்தால் ஒட்டும் குளிர் லேமினேட்டரே போதும். மேல் உருளையை 40 டிகிரி அளவுக்கு இளஞ்சூடாக்கும் வசதி இருந்தால், படலத்துக்கடியில் வெள்ளி பூத்தாற்போல் தெரியும் நுண்குமிழ்கள் குறையும். உருளைகள் இரு முனைகளிலும் ஒரே அழுத்தம் தருகின்றனவா என்பதை மட்டும் நன்றாகப் பாருங்கள். ஒரு பக்கம் அதிகம் அழுத்தினால் தாள் வில்போல் வளைந்துவிடும். அப்படி வளைந்த தாளை நான்கு குறிகளைப் படிக்கும் கட்டராலும் முழுமையாகத் திருத்த முடியாது.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணைந்த இயந்திரத்தில் அச்சுக்கும் வெட்டுக்கும் ஒரே ரிப் மென்பொருள் (கோப்பை இயந்திரத்துக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றித் தருவது) என்பதால் குழப்பம் குறைவு. தனித்தனியாக வாங்கும்போது, பிரிண்டரோடு வரும் ரிப் உங்கள் கட்டர் படிக்கும் வகைக் குறியைப் போடுமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். போடாது என்றால் ஃப்ளெக்ஸி, ஆனிக்ஸ், கால்டேரா போன்ற பொது ரிப் ஒன்று தேவைப்படலாம். அதன் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லேமினேஷன் போட்ட வினைலை வெட்டும் பக்குவம் கலர் வினைலை வெட்டும் பக்குவத்திலிருந்து வேறுபட்டது. சாதாரண வினைல் படலம் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். அதன்மேல் அதே அளவு தடிமனுள்ள லேமினேஷனும் பசையும் சேரும்போது தடிமன் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். எழுத்து வெட்டும் 45 டிகிரி பிளேடை அப்படியே வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் கூட்டினால், மூலைகளில் படலம் கிழியும். 60 டிகிரி பிளேடுக்கு மாறி, வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் சிறு சதுரம் ஒன்றை வெட்டி உரித்துப் பாருங்கள். வினைலும் லேமினேஷனும் முழுதாக வெட்டுப்பட்டு, பின்தாளில் நகக்கீறல்போல் ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரிந்தால் அதுவே சரியான அழுத்தம். எழுத்து வேலைக்கு ஒரு பிளேடு, லேமினேஷன் வேலைக்கு ஒரு பிளேடு என்று தனித்தனியாகப் பிடிகளில் மாட்டி, பெயர் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று. எந்த இயந்திரத்தை வாங்கினாலும், விற்பனையாளர் தன்னிடம் தயாராக வைத்திருக்கும் மாதிரிப் படத்தை அச்சிட்டுக் காட்டுவதோடு திருப்தி அடையாதீர்கள். உங்களுடைய பாட்டில் லேபிள் கோப்பையே கொண்டுபோங்கள். மூன்று மீட்டர் நீளத்துக்கு அடுக்கி அச்சிடச் சொல்லுங்கள். அதை வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு நாள் உலரவிட்டு, நீங்கள் வழக்கமாகப் போடும் பளபளப்பான லேமினேஷனையே போட்டு, மறுநாள் திரும்பக் கொண்டுபோய் மாட்டி வெட்டச் சொல்லுங்கள். இணைந்த இயந்திரமா, தனிக் கட்டரா என்ற வேறுபாடு இல்லாமல் இரண்டிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். முதல் வரிசையைப் பார்க்க வேண்டாம். கடைசி வரிசையின் இரு ஓரங்களிலும் உள்ள லேபிள்களை உரித்தெடுத்து, நிறம் விளிம்பு வரை சமமாக நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறிகளைப் படிக்க இயந்திரம் எத்தனை முறை முயன்றது, அந்த நேரத்தில் அருகில் நின்றவர் எத்தனை முறை கைகொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் தம்பியிடம் சொல்லிக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.